கால்

மத்ராவில், மீன் சந்தைக்குப் பின்னால், இரண்டாம் மாடி.
ஜுவைனா கொண்டுவந்து கிடத்திய கீபோர்டு
என் கட்டிலைவிட ஒரு சாண்தான் குறைவு.
கல்யாணங்களில் பெண்கள் பக்கம் வாசிக்கிற குழு அவளுடையது.
"முதலில் இரைந்தது. பிறகு விக்கியது.
போன வியாழன் மணப்பெண் உள்ளே வரும்போது செத்துப்போனது" என்றாள்,
எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத இந்தியில்.

பகலில் நான் ஆஸ்பத்திரியில்
மருந்தேற்றும் பம்புகளைப் பழுது பார்க்கிறவன்.
சொட்டுக் கணக்குக்குப் பழகிய கை.

இருபத்திரண்டு திருகாணிகள்.
உள்ளே அரைப்பிடி மணல், ஒற்றைக் காதணி,
எந்தக் கல்யாணத்திலோ சிந்திய அத்தர்.
கெபாசிட்டர்களில் தலை வீங்கியவை சில.
அவற்றால் தொல்லையில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும்.
மேலே பளபளவென்று நின்றுகொண்டு
அடியில் கசிந்தவைதான்
செம்புத் தடத்தைப் பச்சையாகத் தின்றிருந்தன.

சூட்டுக்கோல் பட்டதும் கருவாட்டு வாடை.
பக்கத்துக் கட்டில் மரியசூசை போர்வைக்குள்ளிருந்து,
"யாருடே இந்நேரத்துல நெத்திலி வறுக்கான்?"

ஓரிடத்தில் பலகையில் அச்சடித்த கூட்டல் குறியே தப்பு.
பழையது குறிக்கு எதிராக நின்றிருந்தது,
கறை அப்படித்தான் சொன்னது.
தொழிற்சாலையில் யாருக்கோ தெரிந்திருக்கிறது.
அச்சைத் திருத்த முடியாமல்
கையைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.
நானும் கறையை நம்பினேன்.

நாற்பத்தொன்று மாற்றினேன். எண்பத்திரண்டு கால் நறுக்கினேன்.
அறுந்த தடத்துக்கு மயிரிழைக் கம்பியில் பாலம்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.
புகையில்லை.

எனக்கு வாசிக்கத் தெரியாது.
ஒற்றை விரலால் ஒவ்வொரு கட்டையாக அழுத்தி
போனில் சுருதி காட்டும் ஊசியைப் பார்த்தேன்.
எல்லாம் நடுவில்.
இரண்டு கட்டைகள் மட்டும், அடியிலிருந்து உச்சிவரை
எங்கே வந்தாலும், இடப்பக்கம் சாய்ந்தன.
இரண்டு இரவு அந்தச் சாய்வைத் தேடினேன்.
புதிதாகப் போட்டதையே கழற்றி மறுபடி போட்டேன்.
கடைசியில் மெனுவின் ஏழாம் அடுக்கில்
யாரோ வைத்துப்போன எண்கள்.
பூஜ்யமாக்கினேன்.
ஊசி நிமிர்ந்தது.

வியாழன் மாலை வந்தாள்.
அபாயாவின் கையை முழங்கைவரை சுருட்டி
நின்றபடியே தொடங்கினாள்.
மேலிருந்து இறங்கி வந்த வலக்கை
மூன்றாவது கட்டையில் நின்றுவிட்டது,
இருட்டில் இல்லாத படியில் கால் வைத்ததுபோல.

"இதை நிமிர்த்தியது யார்?"
"குறைவாக இருந்தது."
"எவ்வளவு?"
"கால்" என்றேன். இந்தி வராமல் தமிழே வந்துவிட்டது.
விரலால் காட்டினேன்.
அந்தக் குறைவில்தான் பாட்டே நிற்கிறதாம்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
சிரிக்கவில்லை.

சின்னப் பொத்தானை அழுத்தி அழுத்தி
அவளே இறக்கினாள்.
நான் நீட்டிய போனின் திரையை
உள்ளங்கையால் மூடினாள்.
போதும் என்று நிறுத்தியபோது
ஒன்று நாற்பத்து நான்கு, மற்றது ஐம்பத்தொன்று.
நான் நிமிர்த்துவதற்கு முன்
இரண்டுமே ஐம்பதாகத்தான் இருந்தன.
கேட்டிருக்கலாம்.

நாற்பத்தொன்றுக்கும் கணக்குப் போட்டுப்
பதினெட்டு ரியால் தந்தாள்.
நிமிர்த்திய இரண்டு இரவுக்குக் கூலி இல்லை.
கீபோர்டின் தலைப்பக்கத்தை அவளும்
வால்பக்கத்தை நானும் பிடித்துப் படியிறங்கினோம்.
அன்றிரவு ஸீபில் கல்யாணம்.
நான் போக முடியாத பக்கம்.

ஞாயிறு காலை, நான்காம் வார்டு.
பம்பின் சொட்டு ஒரு நிமிடத்துக்கு ஒன்று குறைவு.
இங்கே யாரும் உள்ளங்கையால் மறைக்க மாட்டார்கள்.
ஊசியை நடுவில் நிறுத்தி
கையெழுத்துப் போட்டேன்.