நாற்பத்தொன்று இல்லை

மற்ற நாட்களில் நான் கூவுவது
குளத்து மீன், கோயில் புளியமரம்,
கூட்டுறவு வங்கியில் மூழ்கிப்போன சங்கிலி.
அன்று மாயவரத்தில், லாட்ஜ் மாடி ஹாலில்
கார்த்திகை மழை ஜன்னலைச் சாத்தவிடாமல் அடிக்க,
என் முன்னால் ஒரு கல்யாண ஆல்பம்.
உள்ளே கல்யாணம் இல்லை.
பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகள்,
ஒன்று முதல் அறுபத்துநாலு வரை.
நாற்பத்தொன்று இல்லை.

நோட்டீஸிலும் அப்படியே போடச் சொன்னார்
உரக்கடை மதிவாணன்.
"குறையை மறைச்சு விக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது."
யூரியா மூட்டைக்கு அவர் அப்படிச் சொல்லி
நான் கேட்டதில்லை.

அதற்குமுன் போனவை:
உள்ளூர் கிளப்பின் பித்தளைக் கோப்பை,
ஒரு காது உடைந்தது, நாலாயிரம்.
யாரோ கையெழுத்துப் போட்ட பந்து;
யார் என்று படிக்க முடியாததால் எழுநூற்றைம்பது.
ஒரு ஸ்கோர் நோட்டு,
கரையான் நாலு விக்கெட் எடுத்திருந்தது,
கேட்பாரில்லை.

சென்னை வியாபாரி கண்ணில் லென்ஸைச் செருகி
அட்டைகளின் மூலைகளை மட்டும் பார்த்தார்.
ஒருவன் முகத்தையும் பார்க்கவில்லை.
முகர்ந்துவிட்டு, "ஈரமே ஏறலையே" என்றார்.
"நெல்லுக்குள்ள புதைச்சு வச்சிருந்தேன்" என்றார் மதிவாணன்.
"பதினேழுக்கு மேல ஈரம்னா
கொள்முதல்ல நெல்லையே தள்ளிடுறான். இது காகிதம்."

அறுபத்துநாலும் சேர்த்து அனுப்பினால் பேட் பரிசு என்று
உறையில் போட்டிருந்ததாம் அந்தக் கம்பெனி.
நாற்பத்தொன்றை மட்டும் அச்சடிக்க மறந்தது,
அல்லது மறந்தமாதிரி இருந்தது.
பேட் வந்த வீடு ஜில்லாவில் ஒன்றுமில்லை.
பெரிய ஆட்டக்காரனும் அல்ல அந்த நாற்பத்தொன்று:
பன்னிரண்டாவது ஆள்.
தண்ணீர் கொண்டுவருகிறவன்.

கடைசி வரிசையில் ஒருவர்
காலையிலிருந்து கை தூக்காமல் இருந்தார்.
சட்டை நனைந்திருந்தது,
மடியிலிருந்த கவர் நனையவில்லை.

பத்தில் ஆரம்பித்தேன்.
போனில் ஒரு குரல் இருபத்தெட்டில் நின்றது.
வியாபாரி முப்பத்தாறாயிரம்.
ஒரு தரம்.
ரெண்டு தரம்.
பழக்கதோஷம், கடைசி வரிசையைப் பார்த்தேன்.
அவர் கவரைப் பிரித்தார், எட்டிப் பார்த்தார்,
மூடிக்கொண்டார்.
முன்வரிசையில் மதிவாணன்
திரும்பவேயில்லை.
மூணு தரம்.

போண்டா, டீ.
ஈரச்சட்டைக்காரர் வியாபாரியிடம் போய்
கவரை நீட்டாமல் காட்டினார்.
லென்ஸ் டீயில் விழுந்தது.
"ஐயாயிரம்."
"..."
"எட்டு."
"ஆல்பம் என்ன விலைக்கு எடுத்தீங்க?"
"முப்பத்தாறு."
"அதேதான்."
"ஒத்தை அட்டைக்கா!"
"இது இல்லாம நீங்க வாங்கினது அறுபத்துமூணு காகிதம்."

வியாபாரி சிரித்தார்.
போனில் எதையோ தட்டிக் கூட்டினார்.
சிரிப்பை நிறுத்தினார்.
"சரி. தர்றேன்."

"சரின்னு சொல்வீங்களான்னு பார்த்தேன்"
என்றார் இவர்.
கவரைச் சட்டைக்குள் செருகி, பனியனோடு ஒட்ட,
படியிறங்கிப் பொறையார் பஸ்ஸுக்கு ஓடினார்.
ரெண்டு சதம் கமிஷன்,
எழுநூற்றிருபது ரூபாய்,
மழையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் கணக்கு.
மதிவாணன் விரலை நாக்கில் தொட்டுத்தொட்டு
ரெண்டு முறை எண்ணினார்.
கையெழுத்துப் போட்டார்.
பேனாவை மூடிக்கொண்டே,
"வந்திருந்தானா?"
"யாரு?"
"நாப்பத்தொண்ணு."

வந்திருந்தார் என்றேன்.
"அவன் விக்கமாட்டான்" என்றார்,
விலை கேட்காமலே.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
விலையைச் சொன்னேன்.

சற்று நேரம் மழையைப் பார்த்தார்.
பிறகு பையைத் திறந்து
மறுபடியும் எண்ண ஆரம்பித்தார்.