அளவெடுப்பு

சுவரின் தடிப்பு நாலடி மூன்றங்குலம்.
முருகைக்கல், சுண்ணாம்பு, இடையிடையே ஊரிச்சிப்பி.
குளிர்நாட்டுச் சுவர்.
பனிச்சங்கேணி வெயிலில் நின்று
தன்னைத்தானே வேகவைத்துக்கொள்கிறது.

தென்னந்தோட்டம் வாங்கிய டன்பார் துரை
ஸ்கொட்லாந்தில் தன் பாட்டன்மார் இருந்த கோபுரவீட்டை
நினைவிலிருந்து வரைந்து கொடுத்தாராம்.
மாடு கவரும் அயற்குலத்தார், தீப்பந்தம், முற்றுகை,
அந்தப் பயங்களுக்கு இங்கே ஆளில்லை.
வாவிக்கரையில் கொக்குகள்தான் நின்றன.
என்றாலும் சன்னல் ஒரு சாண் அகலம்.
என்றாலும் கதவு, ஏணி வைத்தால் எட்டும் உயரத்தில்.

சுழல்படி முப்பத்தொன்று, அதற்கு மேல் வானம்.
வலஞ்சுழியாக ஏற வேண்டும் அது,
மேலே நிற்பவன் வாள்வீச வலக்கை விரிவதற்காக.
இது இடஞ்சுழி.
மேத்திரி சின்னலெவ்வை வரைபடத்தை
மறுபக்கம் பிடித்துப் பார்த்திருப்பார்.
அல்லது
ஏறி வருகிறவனுக்கும் ஒரு கை இருக்கட்டும் என்று
நினைத்திருக்கவும் கூடும்.
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

எழுபத்தெட்டுச் சூறாவளி கூரையைக் கொண்டுபோனது.
தொண்ணூறில் உடுப்புப் போட்டவர்கள் வந்தார்கள்.
நூறு வருசத்துக்கு மேல் சும்மா கிடந்த
அந்த ஒரு சாண் துவாரங்கள்
அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தன.

இப்போது ஓர் உல்லாச விடுதிக்கு இந்த வளவு வேண்டுமாம்.
பிரதேச சபைப் படிவத்தில்
கீழறைக்கு மட்டும் ஒரு கேள்வி:
களஞ்சியம், கொள்ளளவு எவ்வளவு?
வளைவுக் கூரை. சன்னல் கிடையாது.
துரையின் நாட்டில் மாடு அடைக்கும் அறை.
நாடாவின் நுனியைப் பலீலிடம் நீட்டி
"உள்ள போய்ப் பிடிங்க" என்றேன்.
வாசலிலேயே நின்றார்.
பாழ்கிணறு, மதகு, பாம்புப் புற்று என்று
பதினைந்து நாளாய் என்னோடு இறங்கியவர்.

நானே போய் அளந்தேன். பதினாலுக்கு ஒன்பது.
நடுவில் உயரம் ஏழு, ஓரத்தில் மூன்றரை.
சுவரைச் சுற்றி ஒரே மட்டத்தில்
சுண்ணாம்பு வழுவழுத்திருந்தது.
குந்தி இருந்து பார்த்தேன்,
என் முதுகு சரியாக அங்கே பொருந்தியது.

வெளியே வந்து
"எத்தின மூட்டை கொள்ளும்?" என்று
எனக்குள்ளேதான் கணக்குப் போட்டேன்.

"பத்தொம்பது பேர்" என்றார் பலீல்,
வாவியைப் பார்த்தபடி.
கொஞ்சம் பொறுத்து,
"கால மடக்கினா."

கட்டத்தில் பத்தொன்பது என்று எழுதினேன்.
அலகு எழுதவில்லை.
நாடாவைத் துடைத்துச் சுற்றினேன், மணல் இருந்ததால்
இரண்டு தரம் சிக்கியது.