வாணலி வீரன்

முகத்தை அல்ல,
அடிப்பாகத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.
குப்புறக் கவிழ்த்து, கட்டைவிரலால் ஈரம் துடைத்து,
கம்பெனிப் பெயர் இருந்தால் திரும்ப வைத்துவிடுவேன்.
பெயரைச் சுரண்டியெடுத்த வழவழப்பு இருந்தால்,
அல்லது "ஹாங்" வரைக்கும் வந்து
"காங்" முளைக்காமல் போயிருந்தால்
அவன் என் ஆள்.

கிரிம்ஸ்பியில் ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி.
கார் டிக்கியைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்கிற மைதானம்.
புல்லில் உறைபனி.
வடகடல் காற்று காதைப் பிடித்துத் திருகும்.
மீன் குளிர்கிடங்கில் இருபத்தாறு வருஷம்
பெட்டி அடுக்கியவனுக்கு
இதெல்லாம் ஒரு குளிரா?

ஐஸ்கிரீம் டப்பா நிறையச் சிப்பாய்கள்.
"ஐம்பது பென்ஸ் கொடு, மொத்தமும் எடுத்துக்கோ,
பாதிப் பேருக்குத் துப்பாக்கி கோணல்"
என்று தன் சரக்கைத் தானே குறை சொன்னாள் கொரீன்.
வெந்நீரில் போட்டால் கோணல் நிமிரும்.
நான் போடுவதில்லை.
அந்தத் துப்பாக்கியால் சுட்டால்
சுட்டவனின் பூட்ஸ்தான் ஓட்டையாகும்.
இருக்கட்டுமே.

பேர்போன கம்பெனியின் பெட்டியில் ஒருவன்
கண்ணிவெடி தேடுவான்.
நீளக் கம்பு, நுனியில் வட்டத் தட்டு,
தலையில் ஹெட்போன், தரையில் கண்.
எங்கோ ஒரு மாடிப் பட்டறையில்
அவனைப் பார்த்து அச்சு வெட்டியபோது
கம்பு குட்டையானது. தட்டு குழிந்தது.
ஹெட்போன் காதோடு காதாகக் கரைந்தது.
வெட்டியவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?
தெரியாத மொழியின் எழுத்தைப்
பார்த்து எழுதுகிறவருக்குச் சுழி எது, கறை எது?
இப்போது அவன் போர்க்களத்தின் நடுவே
வாணலியோடு நிற்கிறான்,
முட்டை கருகிவிடுமோ என்ற கவலையில்.

அவன் என்னிடம் நாற்பத்தொரு பேர்.
கத்தரிப்பூ நிறத்தில் ஆறு.
சளிப் பச்சையில் எண்ணவில்லை.
இடுப்புக்கு மேல் மஞ்சள், கீழே சிவப்பாக ஒருவன்,
இயந்திரத்தில் சாயம் மாறுகிற நேரம் பார்த்துப் பிறந்தவன்.

போன வாரம் ராட்னி பின்ச்பெக் வீட்டுக்கு வந்தார்.
அசல் மட்டுமே சேர்ப்பவர்:
பெட்டி கிழியக் கூடாது,
விலைச்சீட்டு உரியக் கூடாது.
தேநீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு
அலமாரியைச் சுற்றிப் பார்த்துச் சொன்னார்:
"இதெல்லாம் திருட்டு, நெவில்."

திருட்டுத்தான்.
மறுக்கவில்லை.
ஜன்னல் விளிம்புக்குக் கூட்டிப்போனேன்.

சூடான பிளாஸ்டிக் ஆறும்போது
எள்ளளவு சுருங்கும்.
நகலை நகலெடுத்தால் இன்னொரு எள்.
அங்கே வரிசையாக நிற்கிறார்கள்:
அசல் ஒருவன் (ஆமாம், ஒரே ஒருவன், அளவு பார்க்க),
அவன் பக்கத்தில் சற்றுக் குள்ளன்,
அவனுக்கும் குள்ளன்,
ஐந்தாமவனுக்கு மூக்கில்லை,
ஆறாமவனுக்கு முகமே இல்லை.
வாணலி மட்டும்
கைக்குக் கை வளர்ந்துகொண்டே வருகிறது.
நடுவில் யாரோ ஓர் அச்சுக்காரருக்கு
அது வாணலிதான் என்று
சந்தேகமறத் தெரிந்திருக்கிறது.
விளிம்பு மடித்து,
பிடியில் ஆணியில் மாட்டத் துளைகூட வைத்திருக்கிறார்.

பின்ச்பெக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
என் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார்.
கடைசி ஆளின் வாணலி நடுவே
ஒரு சின்னப் புடைப்பு.

"காற்றுக் குமிழி" என்றார்.
"முட்டை" என்றேன்.
"அச்சில் மாட்டிய குமிழி, நெவில்."
"மஞ்சள்கரு உடையாத முட்டை."

தேநீர் ஆடை கட்டிவிட்டது.
கிளீதார்ப்ஸுக்கு அவருடைய கடைசி பஸ்
தெருமுனையில் நின்றது, கிளம்பியது.
விளக்கை இன்னும் கொஞ்சம்
இந்தப் பக்கம் திருப்பச் சொன்னார்.