பதினொரு மில்லிமீட்டர்

முதலாம் ஆண்டு, இரண்டாம் பருவம்.
நாற்பத்தொரு விண்ணப்பம் அனுப்பியிருந்தேன்.
முப்பத்தாறு பேர் பதிலே போடவில்லை.
நால்வர், 'இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டு வாருங்கள்.'
ஒருவர் 'அன்புள்ள திரு. இளவேனில்' என்று தொடங்கி
வருந்தினார். அந்தத் திரு யாரோ,
அவருக்காக நானும் கொஞ்சம் வருந்தினேன்.

சுயவிவரத்தில் எழுத என்ன இருந்தது?
வலைப்பந்து, உயர்நிலைப் பள்ளியில்.
தொண்டூழியம், கடற்கரைக் குப்பை, மூன்று சனிக்கிழமை.
பைத்தான், 'ஓரளவு'.
அந்த ஓரளவை நடுநிசியில் 'நன்கு' என்று மாற்றி
விடிவதற்குள் திரும்ப ஓரளவாக்கினேன்.

யீஷூனில் எங்கள் புளோக்கின் பி லிஃப்ட்
(சுவரில் அதன் பெயர் மின்தூக்கி,
வாயில் யாருக்கும் அப்படி வராது)
ஒன்பதாவது மாடியில் மட்டும்
தரைக்குச் சற்று மேலே நின்றுகொள்ளும்.
மற்ற மாடிகளில் சமர்த்து.
சாப்பாடு கொண்டுவரும் பையன்
திரும்பி ஏறும்போதெல்லாம் கால் தடுக்கி
ஹொக்கியனில் அதன் தாயை விசாரிப்பான்.

பதில் வராத இரவுகளில்
எதையாவது அளக்க வேண்டும்போல் இருந்தது.
தொடக்கப்பள்ளி அளவுகோலைத் தரையில் நிறுத்தி
கதவு பொறுமையிழந்து பீப் அடிக்க அடிக்க
குந்தியிருந்து படித்தேன்.
ஏழு. மறுநாள் ஏழு. மழைநாளில் ஆறு.
சனிக்கிழமை, நிறைய ஆள் ஏறிவந்து
ஒன்பதில் மொத்தமாக இறங்கியபோது, எட்டு.
முப்பது நாள். ஒரு விரிதாள்.
அச்சுகளுக்குப் பெயரிட்ட ஒரு வரைபடம்.
லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த முகவரிக்கு அனுப்பினேன்.
விண்ணப்பம் என்று எழுதவில்லை.
புகார் என்றும் எழுதவில்லை.

காக்கி புக்கிட். குளிர்சாதனம் சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்
ஹுவீ லிங் என் வரைபடத்தை அச்செடுத்து வைத்திருந்தார்.
மதிப்பெண் கேட்கவில்லை. கேட்டது:
'எதை வைத்து அளந்தாய்?'
பையில்தான் இருந்தது. வாங்கி
மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி
நகத்தால் காட்டினார்.
முனைக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே
நான்கு மில்லிமீட்டர் வெறும் பிளாஸ்டிக்.

முப்பது நாளும் தப்பு.
காது சுட்டது. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று
மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.
'எல்லா நாளும் ஒரே தப்பு,' என்றார்,
'அதனால் பரவாயில்லை. நான்கைக் கூட்டு.
ஏழு இல்லை, பதினொன்று. நாங்கள் நினைத்ததைவிட மோசம்.'
பிறகு மேசைக்கடியில் எட்டிப்பார்த்து,
'சப்பாத்து என்ன சைஸ்? மே மாதத்துக்குள்
இரும்பு முனை வைத்தது வரவழைக்க வேண்டும்.'

நவீத் வங்கியில் வாங்குவதில் பாதிகூட இல்லை என் சம்பளம்.
அவனுக்குப் பெயர் பொறித்த தண்ணீர்ப்புட்டி.
எனக்கு ஒரு சைஸ் பெரிய கையுறை,
நகத்தடியில் குடியேறிய கிரீஸ்.
மொட்டைமாடிக்குக் கீழே இயந்திர அறையை
ஃபைஸால் திறந்துவிட்ட முதல் காலையில்தான் தெரிந்தது,
கயிற்றின் மறுமுனையில் ஓர் இரும்பு இருக்கிறது.
மருத்துவமனையிலிருந்து துணிச்சுருளாக
நான் ஒன்பதுக்கு ஏறிய அன்று
அது எனக்காக இறங்கியிருக்கிறது.
பத்தொன்பது வருடம், ஒரு வணக்கம் சொன்னதில்லை.

ஏழாம் வாரம் எங்கள் புளோக்கின் முறை.
ஒன்பதாம் மாடியை அடையாளம் சொல்லும் தகடு,
அதைப் பிடித்திருந்த தாங்கியில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது.
அவ்வளவுதான்.
ஃபைஸால் தகட்டை நகர்த்திப் பிடிக்க
முடுக்கியது நான்.
எஃகு அளவுகோல் ஒன்று என்றது.
'அது போதுமா?'
'அந்த ஒன்று இருக்கலாம்,' என்று
அவன் கோப்பி குடிக்கப் போய்விட்டான்.

அன்று இரவு எதிர்வீட்டுக்குச் சாப்பாடு வந்தது.
பையன் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.
ஏறும்போது பழக்கத்தில்
காலை உயரத் தூக்கி வைத்தான்,
தொம்மென்று விழுந்தது.
குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
திட்ட வாய் திறந்து
யாரைத் திட்டுவதென்று தெரியாமல் நிற்கையில்
கதவு மூடிக்கொண்டது.