பதினோரு நொடி

செய்தித்தாளிலிருந்து ஒரு பையன் தொலைபேசியில் கேட்டான்:
"நாலே வரி போதும், மேடம். பிறப்பு, பணி, பதக்கம்."
சொன்னேன்.
வில்ஃப்ரிட் ஆக்ஸ்டபி. ஹல் நகரத்து மீன்பிடிக் கப்பல்காரரின் மூன்றாம் மகன்.
போரில் கடற்படை லெப்டினன்ட்.
நாற்பத்தி நான்கில் பதக்கம்.
பிறகு கிரிம்ஸ்பியில் பனிக்கட்டி ஆலை மேலாளர்.
எழுத்துக்கூட்டி வாங்கிக்கொண்டு வைத்துவிட்டான்.

அந்த ஆலையில் பதினாறு வருடம்
அவருக்கு எதிர்மேசையில் கணக்கெழுதினேன்.
எங்கள் அறைக்கு இரு பக்கமும் ஆடும் கதவு.
யாராவது தள்ளிக்கொண்டு வந்தால்
அது போய், திரும்பி, மீண்டும் போய், நிற்கும்வரை
அவர் உதடு அசையும்.
வாயில் புகையிலை என்று நினைத்தேன், முதல் வருடம்.

அப்புறம் ஓர் இரவு, ஆண்டுக் கணக்கெடுப்பு.
அழுத்தும் இயந்திரம் பழுதாகி
ஆலை முழுக்க ஒரு சத்தமில்லை.
அவராகவே சொன்னார், எடைச்சீட்டு வாசிக்கிற குரலில்.

எலினோர் மே. ஹாடாக் பிடித்த கப்பல்.
சாம்பல் வண்ணம் அடித்து, முன்னால் ஒரு பீரங்கி வைத்து
போர்க்கப்பல் என்றார்கள்.
கரடித்தீவுக்குத் தெற்கே, பிப்ரவரி.
தெறித்த அலை விழுமுன் உறைந்தது.
கயிறு தொடைப் பருமன். கம்பி இடுப்புப் பருமன்.
பீரங்கி எங்கே என்று தேட வேண்டியிருந்தது.
சுத்தியல், மண்வெட்டி, கோடரி;
சமையற்காரர் டான்ஸ்லி மாவுருட்டும் கட்டையோடு வந்தார்.
ஒரு டன் உடைத்துத் தள்ளினால் ஒன்றரை டன் ஏறியது.

"கப்பல் சாய்வது பயமில்லை, மிஸ் கேவ்தோர்ப்.
சாய்ந்த இடத்தில் யோசிப்பதுதான்."
ஆறு நொடியில் நிமிர்ந்தது எட்டாயிற்று.
எட்டு ஒன்பதாயிற்று.
பதினொன்று எண்ணியபோது
வாணிபக் கப்பல்களின் வரிசையை விட்டு
காற்றுக்கு முதுகு காட்டித் திருப்பினார்.
நான்கு மணி நேரம். பனி உடைத்தார்கள். நிமிர்ந்தது.
திரும்பி வந்தபோது
அவர் காவல் நின்றிருக்க வேண்டிய பக்கத்தில்
எண்ணெய் படலம் மட்டும்.
வுல்டன் ஹால். நாற்பத்தியொரு பேர்.

விசாரணையில் ஒரே பக்கம்:
"குற்றம் ஏதுமில்லை."
பதக்கம் வேறொரு நாளுக்கு,
நார்மண்டிக் கரையருகே கண்ணிவெடி வாரிய காலையில்.
அந்தக் காலையைப் பற்றிக் கேட்டேன்.
"வெயில் அடித்தது," என்றார்.

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாதாம்.
அவர் வைத்ததில்லை.
கையைச் சுவரில் வைப்பார், உள்ளங்கை விரித்து,
ஆலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது போல.

ஒவ்வொரு லாரியையும் இரண்டு முறை நிறுத்தார்.
ஓட்டுநர்கள் திட்டினார்கள். "கஞ்சன்" என்றார்கள்.
ஒருமுறைகூட எடை வித்தியாசப்பட்டதில்லை,
அது அவருக்குத் திருப்தியாகவும் இல்லை.
நான்கு மணி நேரத்தின் எடையைத்தான்
எந்தத் தராசிலும் ஏற்ற முடியவில்லை போலும்.
இப்படி எழுதியிருந்தால் அவர் அடித்திருப்பார், சிவப்பு மையால்:
"தேவையற்ற சொல்."

சரி. அடித்துவிடுகிறேன்.

இறுதிச் சடங்குக்கு டான்ஸ்லி வந்திருந்தார், எண்பது வயது,
கையில் எதுவும் இல்லை, பூக்கூட இல்லை.
"எங்களில் முப்பத்தியிரண்டு பேர்," என்றார் என்னிடம்,
"கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, வழுக்கை விழுந்தோம்.
அதை அவரிடம் யாரும் எண்ணிக் காட்டவில்லை."
பிறகு பேருந்து நேரம் கேட்டார்.

திங்கட்கிழமை புதிய மேலாளர் வந்தான்.
கதவு கிறீச்சிடுகிறது என்று
கீலுக்கு எண்ணெய் விடச் சொன்னான்.
விட்டார்கள்.
இப்போது தள்ளினால் வெகுநேரம் ஆடுகிறது.
ஏழு.
எட்டு.
பேனாவை மூடி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.