சாய்வு

உகாப் ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான்.
வண்டி இடப்பக்கம் சாய்கிறது என்றாள் ந்தெஷி.
பானெட்டில் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்தாள்.
உருண்டு விழுந்தது.
தங்கேனி பார்க்கவில்லை.
விண்ட்ஹுக்கில் கிளம்பியதிலிருந்து
பேச்சு இந்த அளவுதான்.

உறையின் ஜிப் மணலைக் கடித்துக்கொண்டு நின்றது.
ஏணியைப் பிடித்து அவன் தொங்க
கூரைமேல் கூடாரம்
கொட்டாவி விட்டபடி விரிந்தது.

"சக்கரத்துக்கு ஒரு கல்லாவது?"
"படுத்தால் தெரியாது."

படுத்தார்கள்.
இடப்பக்கம் அவள், வலப்பக்கம் அவன்,
நடுவில் டார்ச்சும்
ஒரு முழம் கோபமும்.

நள்ளிரவில் யானைகள் கடந்தன.
கிளை ஒடிகிற சத்தம் மட்டும்.
விடியும்போது
சரிவில் வைத்த பூசணியாய்
அவள் முதுகோடு ஒட்டிக் கிடந்தான்.
டார்ச் யார் அடியிலோ.

இறங்கிப் போய்
கல்லொன்று தூக்கிவந்தான்.
வாங்கி
அதன்மேல் காபிக் கெட்டிலை வைத்தாள்.