வலி ஏறாத நிறுத்தம்

வழக்கமாக அது
ஷோனாவ் தொங்குபாலத்தடியில் ஏறும்.
சீட்டு எடுக்காது.
வலது முழங்காலின் வெளிப்பக்கம்
இடம் பிடித்து உட்கார்ந்தால்
வீடு வரைக்கும் இறங்காது.

நான் பேர்ண் நகரில் பேருந்து ஓட்டுகிறவள்.
பதினாறு வருசம்,
பெரும்பாலும் பத்தாம் இலக்கம்.
வலது கால் ஒன்றுதான் வேலைக்குப் போகிறது.
இடது கால்
கலியாணவீட்டுக்குக் கூட வந்த சொந்தக்காரர்போல
மடித்து வைத்தபடி இருக்கிறது.

"ஓடாமல் விட்டால் நோகாதே"
என்றார் வீட்டுக்காரர்.
சரியான பேச்சு.
மூச்சை விட்டுவிட்டால் இருமலும் வராது.

மே மாதம் ரெகுலாவிடம் போனேன்.
கோனிட்ஸில், மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடி.
நரைத்த முடியில் பென்சில் குத்திய கொண்டை.
முழங்காலைக் காட்டினேன்.
பார்த்தாள், தலையாட்டினாள்,
அதைத் தொடவேயில்லை.
இடுப்பெலும்புக்குப் பக்கத்தில்
எனக்கே அறிமுகமில்லாத ஒரு தசையில்
முழங்கையை வைத்து
நின்றுகொண்டாள்,
பூட்டிய கடை திறக்கட்டும் என்று
வாசலில் நிற்கிறவள்போல.

"லோஸ்லா" என்றாள்.
விடு.
விட்டுவிட்டேன் என்றேன்.
இல்லையென்றது முழங்கை.

இந்த ஊர்ப் பேச்சில்
லோஸ் என்றால் கேள்,
லோஸ்லா என்றால் விடு.
கூரையின் ஈரக்கறையைப் பார்த்தபடி
இரண்டையும் புரட்டிக்கொண்டு கிடந்தேன்.
எந்தக் கணம் என்று சொல்லத் தெரியாது.
உள்ளே எதுவோ
பேருந்துக் கதவு திறக்கிற
அதே காற்றுச் சத்தத்தோடு
இறங்கிப் போனது.
கண்ணீர் காதுக்குள் ஓடியது.
ரெகுலா ஒரு தாளை நீட்டினாள்,
காரணம் கேட்கவில்லை.

"கத்தினது முழங்கால்,
களவெடுத்தது இடுப்பு"
என்ற பொருளில் ஏதோ சொன்னாள்.
அவளுடைய ஜேர்மன் எனக்கு அவ்வளவுதான் பிடிபட்டது.

நான்கு தடவை.
தடவைக்குத் தொண்ணூற்றைந்து பிராங்க்.
காப்புறுதிக்காரர் பாதி தருவார்களாம்,
கடிதம் இன்னும் வரவில்லை.
கடைசி நிறுத்தத்தில் கிடைக்கிற நான்கு நிமிடத்தில்
பேருந்தின் பக்கத்தில் முதுகைச் சாய்த்து
இடுப்புக்கடியில் டென்னிஸ் பந்தை உருட்டினேன்.
முன்கதவுக் கிழவர் ஒருவர்
தினமும் பார்த்துவிட்டு
ஒருநாள் தானும் ஒரு பந்தோடு வந்தார்.

இன்று ஞாயிறு, காலை ஆறு மணி.
ஆரே ஆறு
சவர்க்காரப் பச்சையில்
மலைக் குளிரைச் சுமந்துகொண்டு போகிறது.
மார்சிலியில் தொடங்கினேன்.
பாலம் வந்தது.
பழக்கதோஷம்:
வேகம் குறைத்தேன்,
கண்ணாடியில் பார்ப்பதுபோல்
ஒருமுறை திரும்பியும் பார்த்தேன்.
யாரும் நிற்கவில்லை.

முன்பெல்லாம் என் ஓட்டம்
ஒரு நெடில், ஒரு குறில்,
தாம்-த, தாம்-த என்று
தெருவே திரும்பிப் பார்க்கும்.
இப்போது கேட்டேன்,
இரண்டும் குறில்.
சரளைக்கல்லில் த, த, த, த.
என்னைத் தாண்டி ஓடிய பள்ளிக்கூடப் பையனுக்கு
அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது.
மூச்சிரைக்க அவனுக்கு வழி விட்டேன்.

எல்ஃபெனாவ் வரைக்கும் போய்விட்டேன்.
நம்பிக்கை முழுதாய் வரவில்லை,
இறக்கத்தில் இன்னும்
முட்டை மேல் நடக்கிறவள்தான்.

திரும்பும்போது
இடது பின்தொடையில்
ஒரு சின்னப் பிடிப்பு.
குனிந்து தட்டிக்கொடுத்தேன்.
பாவம்,
வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை.